சோவியத் எண்களை எப்படிப் படிப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

1952 அக்டோபரில் மாஸ்கோவில் நடந்த 19ஆவது கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில், ஸ்டாலினுக்கு நெருக்கமான தலைவர் கியோர்கி மலென்கோவ் அந்த ஆண்டின் தானிய விளைச்சலை அறிவித்தார். 800 கோடி பூடு, அதாவது ஏறக்குறைய 13 கோடி டன். தானியப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1958 டிசம்பரில், அப்போதைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் 1952க்கு வேறொரு கணக்கைச் சொன்னார். உண்மையில் கிடங்குக்கு வந்தது 9.2 கோடி டன். கிட்டத்தட்ட நான்கு கோடி டன் தானியம் காகிதத்தில் மட்டுமே விளைந்திருந்தது.

இந்த இரண்டு அறிவிப்புகளையும் சேர்த்து யோசித்தால் சில விஷயங்கள் தெளிவாகும். மலென்கோவ் மேடையில் நின்று தானாக ஓர் எண்ணைக் கற்பனை செய்யவில்லை. அன்றைய முறைப்படி கணக்கிட்டு அவருக்குத் தரப்பட்ட எண்ணைத்தான் வாசித்தார். குருஷ்சேவ் உண்மையைச் சொன்ன நேரமும் தற்செயலானது இல்லை. மலென்கோவை அரசியலில் வீழ்த்தி முடித்த பிறகு சொன்னார். பொய்யான எண்ணுக்கு ஒரு முறை இருந்தது, உண்மையான எண் வெளிவர ஒரு காரணம் தேவைப்பட்டது.

தமிழில் இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மலிவு விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை, அவற்றில் இருந்த “1913ஐ விட இத்தனை மடங்கு” என்ற கணக்குகளை அப்படியே எடுத்தாள்கிறது. எதிர்த் தரப்பு, சோவியத் எண் என்றாலே பொய் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறது. இரண்டு தரப்பும் வேலையைத் தட்டிக்கழிக்கின்றன என்பது என் கருத்து. அந்த எண்களில் பயன்படுத்தத் தக்கவை ஏராளம். எது எது என்று பிரித்தெடுக்க ஒரு வழிமுறை வேண்டும். மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கட்டுரை எழுதுகிறவர்களும் பின்பற்றக்கூடிய வரிசையில் அதைக் கீழே தருகிறேன். முக்கிய எடுத்துக்காட்டு சோவியத் ஒன்றியம். தேவைப்படும் இடங்களில் சீனாவையும் வேறு சில நாடுகளையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதை எண்ணினார்கள் என்று பாருங்கள்

பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேயே பிடிபட்டுவிடும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் வரையறையைத் தேடுங்கள்.

தானியத்தையே எடுத்துக்கொள்வோம். 1933 முதல் சோவியத் ஒன்றியத்தில் “உயிரியல் விளைச்சல்” என்ற முறை நடைமுறைக்கு வந்தது. பயிர் முற்றி வயலில் நிற்கும்போதே இத்தனை டன் தேறும் என்று மதிப்பிட்டு அதையே விளைச்சலாக எழுதினார்கள். அறுக்கும்போது உதிர்வது, வண்டியில் சிந்துவது, களத்தில் மழையில் நனைந்து அழுகுவது, எலி தின்பது என்று எதுவும் அந்தக் கணக்கில் கழியவில்லை. எந்த விவசாயியும் பயிர் நிற்கும்போது போடும் மதிப்பை நம்பிக் கடனை அடைக்க மாட்டார். கண்டுமுதல் எவ்வளவு என்றுதான் பார்ப்பார். 1937க்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது 12 கோடி டன். பிற்காலத்தில் வெளியான கண்டுமுதல் கணக்கு 9.7 கோடி டன்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? பெருமைக்காக மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்ததாகும். இயந்திரங்களைக் கொண்டு உழுது கொடுத்த அரசு டிராக்டர் நிலையங்களுக்குக் கூட்டுப்பண்ணைகள் கூலியைத் தானியமாகவே அளக்க வேண்டியிருந்தது. அந்த அளவு விளைச்சலின் மதிப்பைப் பொறுத்தது. விளைச்சலை உயர்த்தி எழுதினால் அரசுக்குப் போகும் பங்கும் உயரும். பண்ணைக்காரர்களுக்கு மிஞ்சுவது அந்த அளவுக்குக் குறையும். மாஸ்கோவில் உயர்த்தி எழுதிய ஒவ்வொரு டன்னும் எங்கோ ஒரு கிராமத்தின் உணவிலிருந்து போனது.

ஸ்டாலின் இறந்த பிறகு இந்த முறை கைவிடப்பட்டது. அதற்குப் பின்னும் தானிய எண் முழுக்கச் சுத்தமாகவில்லை. அறுவடை இயந்திரத்தின் தொட்டியில் விழுந்த எடையையே எழுதினார்கள். அதில் ஈரம், களை விதை, மண், பதர் எல்லாம் அடக்கம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்த எண்ணில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே பயன்படுத்தினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சிசு மரண விகிதம் இன்னொரு பாடம். ஆயிரம் கிராமுக்குக் குறைவான எடையிலோ 28 வாரத்துக்கு முன்போ பிறந்து, ஏழு நாளுக்குள் இறந்துபோன குழந்தையை சோவியத் வரையறை உயிருடன் பிறந்ததாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிறப்பிலும் சேராது, இறப்பிலும் சேராது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அதே குழந்தை இரண்டிலும் இடம்பெறும். ஆகவே சோவியத் விகிதத்தையும் ஸ்வீடன் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அட்டவணையைக் கண்டால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

தேசிய வருமானமும் அப்படித்தான். சோவியத் கணக்கில் “தேசிய வருமானம்” என்பது பொருள் உற்பத்தியின் நிகர மதிப்பு. கல்வி, மருத்துவம், நிர்வாகம், பயணிகள் போக்குவரத்து போன்ற சேவைகள் அதில் வராது. மேற்கத்திய நாடுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு அதை நேரடியாக ஒப்பிட்டு விகிதம் போடுவது பிழை.

படி 2: யார் எழுதினார், அவருக்கு என்ன கிடைத்தது?

சோவியத் புள்ளிவிவரம் மேலிருந்து யாரோ போய் எண்ணிச் சேர்த்தது அன்று. கீழே உள்ள ஆலையும் பண்ணையும் தம்மைப் பற்றித் தாமே எழுதி மேலே அனுப்பிய அறிக்கைகளின் கூட்டுத்தொகை அது. அதே அறிக்கையைக் கொண்டுதான் மேலாளருக்கு ஊக்கத்தொகையா தண்டனையா என்பதும் முடிவானது. இலக்கில் 100 சதவீதத்தைத் தொட்டவருக்கு ஊக்கத்தொகை உண்டு, 99இல் நின்றவருக்கு இல்லை. இந்த ஒரு சதவீத இடைவெளியில் எவ்வளவோ பேனாக்கள் வழுக்கின.

ஆனால் எல்லாரும் கூட்டியே எழுதினார்கள் என்று எண்ணக் கூடாது. அடுத்த ஆண்டின் இலக்கு இந்த ஆண்டு எட்டிய அளவிலிருந்தே தொடங்கும். 110 சதவீதம் செய்து காட்டினால் அடுத்த ஆண்டு அதுவே 100 ஆகிவிடும். ஆகவே அனுபவசாலி மேலாளர் 102இல் நிறுத்திக்கொள்வார். மீதிச் சரக்கைக் கிடங்கில் ஒளித்துவைப்பார், இயந்திரங்களின் திறனைக் குறைத்துச் சொல்வார், தேவைக்கு மேல் மூலப்பொருள் கேட்பார். பிழை இரண்டு திசையிலும் இருந்தது. உங்கள் கையில் உள்ள எண்ணை எழுதியவருக்கு எந்தத் திசை லாபம் என்று முதலில் தீர்மானியுங்கள்.

ரியாசான் மாகாணத்தில் நடந்ததை நெருங்கிப் பார்த்தால் இந்த முறை கண்முன் விரியும். 1959இல் அந்த மாகாணக் கட்சிச் செயலாளர் அலெக்சேய் லரியோனோவ், அரசுக்குத் தரும் இறைச்சியை ஒரே ஆண்டில் மூன்று மடங்காக்குவதாக வாக்களித்தார். குருஷ்சேவ் அதை நாட்டுக்கே முன்மாதிரியாகக் காட்டினார். இலக்கை எட்ட அந்த ஆண்டில் வளர்ந்த மாடுகள் போதவில்லை. கறவை மாடுகளும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்தவையும் அறுக்கப்பட்டன. பண்ணைக்காரர்கள் வீட்டில் வளர்த்த மாடுகளை ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அதுவும் போதாமல் பக்கத்து மாகாணங்களுக்குப் போய் இறைச்சி வாங்கி வந்தார்கள். ஆண்டு முடிவில் 1,50,000 டன் கணக்கில் ஏறியது. லரியோனோவுக்கு சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் கிடைத்தது. 1960இல் 1,80,000 டன் தருவதாகச் சொன்ன மாகாணம் 30,000 டன்தான் கொடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் லரியோனோவ் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1959ஆம் ஆண்டின் 1,50,000 டன் என்ற எண் ஒரு பொருளில் பொய்யே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு இறைச்சி ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அது அந்த மாகாணத்தின் ஓராண்டு உற்பத்தியைக் குறிக்கவில்லை. பின்வரும் ஆண்டுகளின் மாடுகளும் பக்கத்து ஊர்களின் மாடுகளும் அதற்குள் இருந்தன. ஆகவே திடீரெனத் துள்ளும் ஒற்றை ஆண்டு எண்ணைக் கண்டால் உடனே அடுத்த இரண்டு ஆண்டுகளையும் அண்டை மாவட்டங்களையும் பாருங்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பின் 1961இல் கணக்கைக் கூட்டி எழுதுவது தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. பழக்கம் ஓயவில்லை. உஸ்பெகிஸ்தானில் கட்சித் தலைவர் ஷரஃப் ரஷீதோவின் தலைமையில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பறிக்கப்படாத பருத்தி லட்சக்கணக்கான டன் கணக்கில் ஏறியது. வயலில் விளைந்ததாக எழுதியது கொள்முதல் நிலையம் வழியாக ஆலை வரை காகிதத்திலேயே பயணம் செய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டவருக்குப் பங்கு போனது. மாஸ்கோ இல்லாத பருத்திக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. விசாரணை கடைசியில் சோவியத் தலைவராக இருந்த பிரெஷ்னேவின் மருமகன் யூரி சுர்பனோவ் வரை எட்டி, 1988இல் அவருக்கு 12 ஆண்டு சிறை கிடைத்தது. இங்கே ஏமாந்தது வெளிநாட்டு வாசகர் மட்டும் இல்லை. திட்டம் போட்ட அரசே ஏமாந்தது.

படி 3: ரூபிளா, டன்னா?

எண் பண மதிப்பில் இருந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். எடையிலோ எண்ணிக்கையிலோ இருந்தால் கொஞ்சம் தளர்த்தலாம். எஃகு, நிலக்கரி, மின்சாரம், ரயில் சரக்கு போன்றவற்றில் ஒரு துறை அனுப்பியதை இன்னொரு துறை பெற்றுக்கொள்ள வேண்டும். பெறுகிறவர் குறைவாக வந்தால் கூச்சல் போடுவார். பண மதிப்புக்கு அந்தக் காவல் இல்லை.

1950 வரை சோவியத் தொழில் உற்பத்தி “மாறாத 1926–27 விலையில்” கணக்கிடப்பட்டது. 1926இல் இல்லாத இயந்திரத்துக்கு 1926 விலை எப்படி வரும்? அது முதன்முதலாக உற்பத்தியான ஆண்டின் விலையையே “1926–27 விலை” என்று எழுதிக்கொண்டார்கள். 1930களில் பணவீக்கம் கடுமையாக இருந்தது. ஆகவே புதிதாக வந்த ஒவ்வொரு பொருளும் வீங்கிய விலையோடு கணக்கில் நுழைந்து, வளர்ச்சி விகிதத்தையும் வீங்கச் செய்தது. பின்வந்த பத்தாண்டுகளிலும், சின்ன மாற்றம் செய்த பழைய பொருளைப் புதுமை என்ற பெயரில் அதிக விலைக்கு விற்று உற்பத்தி கூடியதாகக் காட்டும் பழக்கம் நீடித்தது.

நேர்மையாகக் கணக்கிட்டாலும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. தொழில்மயமாகும் நாட்டில் வேகமாகப் பெருகும் பொருள்கள் தொடக்கத்தில் மிக விலையுயர்ந்தவை, பிறகு மலிவானவை. தொடக்க ஆண்டு விலையில் எடைபோட்டால் வளர்ச்சி பெரிதாகத் தெரியும், கடைசி ஆண்டு விலையில் எடைபோட்டால் சிறிதாகத் தெரியும். இதை விளக்கிக் காட்டியவர் பொருளியலாளர் அலெக்சாண்டர் கெர்ஷென்க்ரோன். அமெரிக்கப் பொருளியலாளர் ஆப்ரம் பெர்க்சன் 1928க்கும் 1937க்கும் இடைப்பட்ட வளர்ச்சியைக் கணக்கிட்டபோது 1928 விலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 சதவீதமும், 1937 விலையில் 5.5 சதவீதமும் கிடைத்தன. இரண்டும் அவருடைய சொந்தக் கணக்கு, இரண்டும் முறையானவை. எந்த ஆண்டின் விலை என்று சொல்லாத வளர்ச்சி விகிதத்துக்குப் பொருளே இல்லை.

இனி ஒரு சோதனை. இதற்குத் தாளும் பேனாவும் போதும். அதிகாரபூர்வக் கணக்குப்படி 1928 முதல் 1985 வரை சோவியத் தேசிய வருமானம் ஏறக்குறைய 90 மடங்கு வளர்ந்தது. மக்கள்தொகை சுமார் 15 கோடியிலிருந்து சுமார் 27.7 கோடியானது. ஆக, தலைக்கு ஏறக்குறைய 49 மடங்கு. இப்போது பின்னோக்கி வகுத்துப் பாருங்கள். 1928இல் ஒரு சோவியத் குடிமகனுக்குக் கிடைத்தது 1985இல் கிடைத்ததில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வருகிறது. 1985இல் அங்கே யாரும் செல்வத்தில் புரளவில்லை. அதில் ஐம்பதில் ஒரு பங்கைக் கொண்டு மனிதர் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்ட முடியாது. ஆனால் 1928இல் மக்கள் உண்டார்கள், உடுத்தினார்கள், குழந்தை பெற்றார்கள். ஆகவே 90 மடங்கு நிற்காது.

1987 பிப்ரவரியில் பத்திரிகையாளர் வசீலி செல்யூனினும் பொருளியலாளர் கிரிகோரி ஹானினும் மாஸ்கோ இலக்கிய இதழ் ஒன்றில் இதை வெளிப்படையாக எழுதினார்கள். எரிபொருள், மின்சாரம், உலோகம் போன்ற பருப்பொருள் அளவுகளிலிருந்து ஹானின் பல ஆண்டுகள் தனியாகக் கணக்குப் போட்டுவந்தார். அவருக்குக் கிடைத்தது 90 மடங்கு இல்லை. ஆறு, ஏழு மடங்கு. அரை நூற்றாண்டில், அதிலும் ஒரு கொடிய போரைத் தாண்டி, ஏழு மடங்கு வளர்வது சாதாரண விஷயம் இல்லை. ஊதிய எண் அந்த உண்மையான உழைப்பையும் சேர்த்தே மறைத்துவிட்டது. எனக்கு இதில் உள்ள வருத்தம் அதுதான்.

படி 4: எது அச்சில் இருந்து காணாமல் போனது?

சோவியத் அதிகாரிகள் பொய் எண்ணை அச்சிடுவதைவிட, கெட்ட எண்ணை அச்சிடாமல் விடுவதையே அதிகம் நாடினார்கள். ஆகவே ஆண்டுப் புத்தகங்களை வரிசையாக வைத்து, எந்த அட்டவணை எந்த ஆண்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் இந்தப் படியை மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் நம்புகிறேன்.

1930களின் கடைசியிலிருந்து 1956 வரை முறையான புள்ளிவிவர ஆண்டுப் புத்தகமே வெளிவரவில்லை. அதன்பின் வந்த புத்தகங்களில் சிசு மரண விகிதம் ஆண்டுதோறும் இருந்தது. 1971இல் ஆயிரத்துக்கு 22.9 என்றிருந்தது 1974இல் 27.9 ஆனது. அதோடு அட்டவணை மறைந்துவிட்டது. 1980களின் இரண்டாம் பாதியில்தான் திரும்பியது. பிரெஞ்சு ஆய்வாளர் எம்மானுவேல் டாட் இந்த ஏற்றத்தை 1976இலேயே கவனித்து, அந்த அமைப்பு உள்ளுக்குள் சிதைகிறது என்று எழுதினார். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி மத்திய ஆசியக் குடியரசுகளில் இறப்புப் பதிவு மேம்பட்டதால் வந்தது என்று பின்னால் சில மக்கள்தொகை ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பதிவு மேம்பட்டதுதான் முழுக் காரணம் என்றால் அதைச் சொல்லி அச்சிட்டிருக்கலாமே.

1981 முதல் சில ஆண்டுகளுக்குத் தானிய விளைச்சலும் வெளியிடப்படவில்லை. அந்த ஆண்டுகளில் மோசமான அறுவடை என்று ஊகிக்க வேறு சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

படி 5: அரசின் ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு மோதவிடுங்கள்

ஒரு பொய்யைக் காப்பாற்ற எல்லா அட்டவணைகளையும் திருத்த வேண்டும். எந்த அலுவலகத்தாலும் அது முடியாது.

சோவியத் சில்லறை விலைக் குறியீடு பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. பணவீக்கம் இல்லாத நாடு என்று அதைக் காட்டினார்கள். 1962இல் இறைச்சி, வெண்ணெய் விலையை ஏற்றியபோது நோவோசெர்காஸ்க் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு அவர்களைச் சுட்டது. அதற்குப் பிறகு அந்த விலைகளைத் தொட எவருக்கும் துணிவு வரவில்லை. குறியீடு அசையாததன் பின்னணி அது. இப்போது அதே அரசு வெளியிட்ட இன்னோர் எண்ணைப் பாருங்கள். சேமிப்பு வங்கிகளில் மக்கள் வைத்திருந்த தொகை 1970இல் 4,660 கோடி ரூபிள். 1985இல் 22,080 கோடி ரூபிள். பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. சம்பளம் ஒன்றும் அப்படி உயரவில்லை. கையில் பணம் இருந்தும் கடையில் வாங்கப் பொருள் இல்லை. விலையில் தெரிய வேண்டிய பணவீக்கம் வரிசையிலும் வங்கிக் கணக்கிலும் போய்த் தேங்கியது. கூட்டுப்பண்ணைச் சந்தைகளில் இறைச்சி அரசு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விற்றதும் இதையே சொல்கிறது.

காலணியையும் இப்படிப் பார்க்கலாம். 1980களின் நடுவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 கோடி ஜோடி உற்பத்தியானது. தலைக்கு மூன்று ஜோடிக்குச் சற்றுக் குறைவு. எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் வெளிநாட்டுக் காலணி வந்தால் தெரு முழுக்க வரிசை நின்றது. உற்பத்திக் கணக்குக்கு ஜோடி தேவைப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியுமா என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாகவில்லை.

படி 6: எல்லைக்கு வெளியே உள்ள சான்று

வெளிநாட்டு வர்த்தகத்துக்கு எதிர்த் தரப்பில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் வாங்கிய கோதுமையை அமெரிக்காவும் கனடாவும் விற்பனையாகப் பதிந்திருக்கும். தானிய விளைச்சலை மறைத்த ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறை செயற்கைக்கோள் படங்களையும் வானிலையையும் கொண்டு மதிப்பீடு வெளியிட்டது. சீனாவில் லியாவ்னிங் மாகாணத்தின் கட்சிச் செயலாளராக இருந்தபோது, பின்னாளில் பிரதமரான லி கச்சியாங், மாகாண உற்பத்தி எண்ணைவிட மின் நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையுமே தாம் பார்ப்பதாக 2007இல் அமெரிக்கத் தூதரிடம் சொன்னார். பத்தாண்டுகள் கழித்து, 2017இல், அதே மாகாணம் 2011 முதல் 2014 வரை தன் நிதிக் கணக்குகள் பொய்யாக எழுதப்பட்டன என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது.

ராணுவச் செலவுக்கு மட்டும் வெளிச் சான்றும் தடுமாறும். சோவியத் அரசு ஆண்டுக்கு 2,000 கோடி ரூபிள் அளவிலேயே சொல்லிவந்தது. 1989 மே மாதம் கோர்பச்சோவ் 7,730 கோடி என்று அறிவித்தார். அதையும் பல ஆய்வாளர்கள் குறைவு என்றே கருதினார்கள்.

படி 7: எண்ணியவருக்கு என்ன நேர்ந்தது?

ஓர் எண்ணின் நம்பகத்தன்மையை அறிய, அதைக் கொண்டுவந்த மனிதரின் கதையையும் தேடுங்கள்.

1934 ஜனவரியில் நடந்த கட்சி மாநாட்டில் ஸ்டாலின், நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு, மக்கள்தொகை ஆண்டுக்கு 30 லட்சம் பெருகுகிறது, அது ஒரு முழு ஃபின்லாந்து என்றார். அந்தக் கணக்கில் 1937இல் 17.5 கோடிக்கும் மேல் இருக்க வேண்டும். 1937 ஜனவரி 6 அன்று கணக்கெடுப்பு நடந்தது. வந்த எண் 16.2 கோடி.

அந்தப் பேச்சுகளுக்கு முன்பே 1932–33 பஞ்சம் வந்துபோயிருந்தது. உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வோல்கா பகுதியிலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல ஊர்களில் இறப்பைப் பதிய வேண்டியவரே இறந்துபோனார் அல்லது ஓடிப்போனார். கணக்கெடுப்பில் பணியாற்றிய மிகயீல் குர்மன், எண் ஏன் குறைந்தது என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். பதிவாகாத மரணங்களை அதில் சொன்னார். கால்நடையோடு எல்லை தாண்டிப்போன கஜக் மக்களைச் சொன்னார். புள்ளியியலாளர் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்தார். அவரைக் கைதுசெய்து முகாமுக்கு அனுப்பினார்கள். கணக்கெடுப்பை நடத்திய ஒலிம்பி குவித்கினும், புள்ளிவிவரத் துறைத் தலைவர் இவான் கிரவலும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் கணக்கெடுப்பே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதே கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்விக்கு, பதினாறு வயதைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமக்கு இறை நம்பிக்கை உண்டு என்று பதிலளித்திருந்தார்கள். அந்த ஆண்டில் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

1939இல் மறுபடியும் எண்ணினார்கள். இம்முறை 17 கோடி என்று வந்தது. முன்னவர்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டு எண்ணியவர்கள் தந்த எண் அது. பிற்கால ஆய்வாளர்கள் அதில் லட்சக்கணக்கில் கழிக்கிறார்கள். செல்லாது என்று வீசப்பட்ட 1937 கணக்கெடுப்பையோ மிகச் சிறிய திருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

சீனாவில் இதே விஷயம் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் கல்கத்தாவில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து மாதிரிக் கணக்கெடுப்பு முறையைப் பார்த்தார். சீனப் புள்ளியியலாளர்கள் அந்த முறையைக் கற்க ஆர்வம் காட்டினார்கள். உற்பத்தியை ஒரே தாவலில் உயர்த்த மாவோ தொடங்கிய 1958இன் பெரும் பாய்ச்சல் அதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஹூபேய் மாகாணத்தின் மாசெங்கில் ஒரு வயலில் ஒரு மூ நிலத்துக்கு 36,900 ஜின் நெல் விளைந்ததாக ஆகஸ்டில் நாளேடு எழுதியது. நம் அளவில் ஏக்கருக்கு 110 டன்னுக்கும் மேல். ஏக்கருக்கு மூன்று டன் எடுத்தாலே நல்ல மகசூல் என்று சொல்லும் நம் ஊர் விவசாயி இதைக் கேட்டால் என்ன சொல்வார்? பல வயல்களின் முற்றிய பயிரைப் பிடுங்கிக் கொண்டுவந்து ஒரே வயலில் நெருக்கி நட்டு, அந்த எண்ணைக் காட்டினார்கள்.

அந்த ஆண்டு நாட்டின் மொத்த விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவிக்கப்பட்டது. 1959இல் 25 கோடி என்று குறைத்தார்கள். உண்மையில் 20 கோடிதான். கொள்முதல் அளவோ பெரிய எண்ணைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. கிராமங்களிலிருந்து தானியம் போனது, 1959இல் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியும் ஆனது. கட்சித் தலைமையின் லூஷான் கூட்டத்தில் நிலைமையை எடுத்துச் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் பதவியிழந்தார். அதன்பின் உண்மையை யார் மேலே எழுதி அனுப்புவார்? பஞ்சத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஒன்றரைக் கோடி என்று தொடங்கி நான்கரைக் கோடி வரை சொல்கிறார்கள். அந்த மரணங்களுக்கு வறட்சியைக் காட்டிலும் காகிதத்தில் விளைந்த நெல் பெரிய காரணம் என்றே நான் கருதுகிறேன்.

படி 8: ரகசியப் புத்தகம் ஒன்று உண்டா?

வெளியே காட்ட ஒரு கணக்கு, உள்ளே பார்க்க ஒரு கணக்கு என்று இரண்டு இருந்ததாகப் பலர் நம்புகிறார்கள். பெர்க்சன் போன்றவர்கள் அப்படி இல்லை என்று அன்றே வாதிட்டார்கள்; ஆவணக் காப்பகங்கள் திறந்தபின் அவர்கள் சொன்னது பெருமளவு சரி என்று தெரிந்தது. ரகசிய அறிக்கைகளில் விவரம் அதிகம், ஆனால் அடிப்படை எண்கள் அதே அறிக்கைகளிலிருந்து வந்தவை. கீழே பிழையாக எழுதியது மேலேயும் பிழையாகவே இருந்தது.

ஒளிவுமறைவு ஆட்சியாளர்களையே குழப்பியதற்குக் கிழக்கு ஜெர்மனி சாட்சி. 1989 அக்டோபரில் திட்டக்குழுத் தலைவர் கெர்ஹார்ட் ஷூரர் தம் தலைமைக்கு எழுதிய ரகசிய அறிக்கையில் மேற்கத்திய நாணயக் கடன் 4,900 கோடி மார்க் என்றார். 1999இல் ஜெர்மன் மத்திய வங்கி கணக்கிட்டபோது நிகரக் கடன் சுமார் 2,000 கோடிதான். வர்த்தகத் துறை ஒன்று ரகசியமாகச் சேர்த்துவைத்திருந்த அந்நியச் செலாவணி, நாட்டுக்கே திட்டம் போடுகிறவருக்குத் தெரியவில்லை. ஆகவே “மிக ரகசியம்” என்று முத்திரை குத்திய தாளைக் கண்டால் அதையும் மேலே சொன்ன ஏழு படிகளிலும் ஏற்றி இறக்குங்கள்.

படி 9: எதை எவ்வளவு நம்பலாம்

காலத்தைப் பொறுத்து என் பரிந்துரை இது. 1918 முதல் 1920களின் இறுதி வரை, சோவியத் புள்ளிவிவரத் துறையின் முதல் தலைவர் பாவெல் பொப்போவும் அவரது பயிற்சி பெற்ற சகாக்களும் தந்த எண்கள் பொதுவாகத் தரமானவை. 1930 முதல் 1956 வரையிலானவை மிக மோசமானவை; பிற்காலத் திருத்தம் கிடைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில் எஃகு, மின்சாரம், பள்ளி மாணவர் எண்ணிக்கை, வெளிநாட்டு வர்த்தகம் ஆகியவற்றை ஏற்கலாம். ரூபிளில் சொல்லும் வளர்ச்சி விகிதத்தைத் திருத்தாமல் எடுக்கக் கூடாது. எழுதும்போது எண்ணோடு அதன் வரையறையையும் சேர்த்தே எழுதுங்கள்: “1937, கண்டுமுதல், 9.7 கோடி டன்” என்று.

நாட்டைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. ஹங்கேரியிலும் போலந்திலும் தொழில்முறைப் புள்ளியியலாளர்களுக்கு ஓரளவு மூச்சுவிட இடம் இருந்தது. அவர்களுடைய குடும்பச் செலவு ஆய்வுகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ருமேனியா மறுகோடி. 1989இல் சௌசெஸ்கு அரசு 6 கோடி டன் தானியம் விளைந்ததாக அறிவித்தது. ஆட்சி கவிழ்ந்தபின் வெளியான கணக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கியூபா 1970இல் ஒரு கோடி டன் சர்க்கரை என்று இலக்கு வைத்து நாட்டையே கரும்பு வெட்ட அனுப்பியது. வந்தது 85 லட்சம் டன். ஃபிடல் காஸ்ட்ரோ அந்தத் தோல்வியை மக்கள் முன் சொன்னார். அவருடைய நேர்மைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் படியையும் ஆறாம் படியையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். சர்க்கரை ஏற்றுமதிப் பொருள். ஹவானாவில் என்ன எழுதினாலும், கப்பல் போய்ச் சேரும் துறைமுகத்தில் வாங்குகிறவர் தம் தராசில் மறுபடி நிறுத்துப் பார்த்துவிடுவார்.